செற்றைக் கழற்றுவதா, காரோடேயே விடுவதா?

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பகுதி

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைக் கேட்கின்றன. பழைய ஸ்போட்ஸ் காரில் கூடவே வந்த பாட்டுச் செற்றை வைத்திருப்பதா, மாற்றுவதா? அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுதாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 1994ஆம் ஆண்டு ரொயோட்டா செலிக்கா இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்தபோது இருந்த கசெற் – சி.டி. செற் இன்றைக்கும் நன்றாகப் பாடுகிறது. ஆனால் எப்.எம். 90க்கு மேல் போவதில்லை. நம்முடைய தமிழ் ஒலிபரப்பு ஒன்றும் பிடிபடாது. வயரிங் பாஸ், "தூக்கி எறிந்துவிட்டு அன்ட்ரொயிட் செற் பூட்டுவோம்" என்கிறார். சரியா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: எறியாதீர்கள். உங்கள் செற்றில் பழுது எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஜப்பானில் எப்.எம். ஒலிபரப்பு 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான். அந்த நாட்டுக்கென்று செய்த செற் அதற்கு மேலே தேடாது. இலங்கையில் எப்.எம். 87.5 முதல் 108 வரை. இரண்டும் சந்திப்பது இரண்டரை மெகாஹேட்ஸ் இடத்தில் மட்டுமே.

இதற்குத் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. கடைகளில் எப்.எம். எக்ஸ்பாண்டர் என்று கேட்டால் தருவார்கள். ஏரியல் வயருக்கும் செற்றுக்கும் நடுவில் இதைச் செருக வேண்டும். சிவப்பு வயர் சாவி போட்டதும் மின் வரும் வயருக்கு, கறுப்பு பொடிக்கு (காரின் இரும்பு உடலுக்கு). மேலே இருக்கும் அலைவரிசையை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கிச் செற்றுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. வாங்கும்போது எவ்வளவு இறக்கும் என்பதைப் பெட்டியில் பாருங்கள், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 18 மெகாஹேட்ஸ் இறக்குவது என்றால் 94 முதல் 108 வரை கிடைக்கும், 103.5இல் வருவதை நீங்கள் 85.5இல் தேட வேண்டும். 14 இறக்குவது என்றால் 90 முதல் 104 வரை கிடைக்கும், அதற்கு மேலே உள்ளவை போய்விடும். ஆகவே முதலில் வீட்டு றேடியோவில் நீங்கள் கேட்கும் ஒலிபரப்புகளின் எண்களைக் கடதாசியில் எழுதுங்கள், பிறகு பெட்டியைத் தெரிவு செய்யுங்கள். 18 இறக்கும் பெட்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 105.5க்கு மேலே இருப்பவை இறங்கி வந்து 87.5க்கும் 90க்கும் இடையில் விழும். அங்கே ஏற்கெனவே ஓர் ஒலிபரப்பு இருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கரகரக்கும். இது பெட்டியின் பழுது அல்ல.

கைபேசிப் பாட்டுக்கு வருவோம். சிகரெட் லைற்றர் குழியில் செருகும் எப்.எம். ட்ரான்ஸ்மிற்றரை எக்ஸ்பாண்டர் இல்லாமல் பாவிப்பதானால் 87.5க்கும் 90க்கும் நடுவில் வெறுமையான இடமொன்றில் வையுங்கள். 100, 105 என்று வைத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் அதிகம். அதைவிட நல்ல ஒலி கசெற் அடாப்டரில் கிடைக்கும். கசெற் உருவத்தில் இருக்கும் அதன் தலைப்பகுதி செற்றில் நாடாவை வாசிக்கும் ஹெட்டோடு முகத்துக்கு முகம் நின்று பாட்டைக் கடத்தும். ஆனால் அது பாடும் நேரமெல்லாம் செற்றின் மோட்டாரும் பெல்ற்றும் சுழன்று தேயும். மூன்றாவது வழி, செற்றைத் திறந்து ஒலியளவுப் பகுதிக்கு முன்னால் புளூடூத் பலகை ஒன்றின் வயரைச் சேர்ப்பது. இடம், வலம் இரண்டிலும் 1 முதல் 4.7 மைக்ரோபரட் வரையான கப்பாசிற்றர் ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நேரோட்ட மின் (டி.சி.) புளூடூத் பலகைக்குள் ஏறும். செற்றின் சர்க்கிற் வரைபடத்தைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். மூன்றிலும் நாங்கள் விரும்புவது இதைத்தான். முகப்பில் ஒரு கீறலும் விழாது, பாட்டும் வரும்.

அன்ட்ரொயிட் திரையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ரொயோட்டாவின் துவாரம் 200 மி.மீ. அகலம், சந்தையில் வரும் செற் 180 மி.மீ. இரு பக்கமும் 10 மி.மீ. வெளி தெரியும், அதற்கென்று விற்கும் பக்கத் துண்டு போட்டால்தான் மறையும். அதைவிடப் பெரிய விடயம் வெயில். செற்களின் கையேட்டில் வேலை செய்யும் வெப்பம் பொதுவாக 60 பாகை வரை என்றுதான் இருக்கும். கண்ணாடி ஏற்றிய காரை மத்தியானம் ஏ9 வீதியோரத்தில் விட்டுவிட்டுப் போனால் கறுத்த டாஷ்போட் அதைத் தாண்டும். பழைய செற்றுக்கும் அந்தச் சூடு கூடாது, ஆனால் அதில் திரை என்று ஒன்று இல்லை.

கேள்வி: செற் கசெற்றைத் தின்கிறது. நாடாவை வெளியே இழுத்தெடுக்கவே பெரும் பாடு. இடது பக்க ஒலியும் தேய்ந்துவிட்டது. திருத்தலாமா?
– புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: திருத்தலாம். நாடா ஏன் சிக்குகிறது என்று விளங்கினால் பாதி வேலை முடிந்தது. கசெற்றுக்குள் நாடாவை இழுப்பது ஒரு மெல்லிய இரும்புத் தண்டும் அதை அழுத்தி நிற்கும் றப்பர் உருளையும். இழுத்த நாடாவை மறுபக்கச் சில்லில் சுற்றுவது வேறொரு அச்சு, அதைத் திருப்புவது பெல்ற். பெல்ற் தளர்ந்தால் தண்டு இழுத்துக்கொண்டே இருக்கும், சில்லு சுற்றாது. மிஞ்சும் நாடா போக இடமில்லாமல் தண்டைச் சுற்றிக்கொள்ளும். உங்கள் செற்றில் நடப்பது அநேகமாக இதுதான்.

மேல் மூடியைக் கழற்றி பெல்ற்றை விரல் நுனியால் தொடுங்கள். கறுப்பாக, தார் மாதிரி ஒட்டினால் அது உருகத் தொடங்கிவிட்டது. எடுத்த பிறகு புல்லிகளின் பள்ளத்தில் மிஞ்சும் தாரை ஐசோபுறொப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் முற்றாகத் துடைக்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் புதுப் பெல்ற் வழுக்கும், பாட்டு ஆடி ஆடி வரும். புதுப் பெல்ற்றின் அளவுக்கு, புல்லிகளைச் சுற்றி நூல் ஒன்று பிடித்து நீளத்தை அளந்து, அதிலும் 5 சதவீதம் குறைவானதை வாங்குங்கள். தடிப்பும் பழையது போலவே இருக்க வேண்டும். இறுக்கமாக இருக்கட்டும் என்று மிகச் சிறியதைப் போட்டால் மோட்டாரின் புஷ் தேயும்.

றப்பர் உருளையும் தண்டும் அடுத்தது. குச்சி பழுப்பாக வரும் வரை துடையுங்கள், பிறகு வெள்ளையாக வரும் வரை துடையுங்கள். உருளை கண்ணாடி மாதிரி மினுங்கினால் மிக நைசான மண்கடதாசியால் இலேசாக உரசலாம், வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். தானாகப் பக்கம் மாறும் செற்றில் தண்டும் உருளையும் இரண்டிரண்டு இருக்கும், ஒன்றை மட்டும் துடைத்துவிட்டு மூடிவிடாதீர்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் கிறவல் வீதியால் ஓடும் காருக்கு மூன்று மாதத்துக்கொரு முறை இந்தத் துடைப்பு வேண்டும்.

இடது ஒலி தேய்ந்ததற்குக் காரணம் இரண்டில் ஒன்று. றேடியோவில் இரு பக்கமும் சமமாகக் கேட்டால் ஹெட்டில் அழுக்கு. றேடியோவிலும் இடது குறைவென்றால் ஸ்பீக்கர்களை இடம் வலம் மாற்றி இணைத்துப் பாருங்கள். குறைபாடு ஸ்பீக்கரோடு போகாமல் செற்றின் இடது வெளியீட்டிலேயே நின்றால் உள்ளே கப்பாசிற்றர் கசிந்திருக்கும். 80களின் முடிவிலும் 90களின் தொடக்கத்திலும் பலகையின் மேற்பரப்பில் ஒட்டிய சின்ன அலுமினியக் கப்பாசிற்றர்கள் கசிவுக்குப் பேர் போனவை. ஈய இரும்பு பட்டதும் மீன் வெடுக்கு அடித்தால் சந்தேகமே வேண்டாம். அதே மைக்ரோபரட், அதே வோல்ற் அல்லது அதற்கு மேல், 105 பாகை தாங்கும் இனம் போடுங்கள். ஒன்று கசிந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கசிந்த நீர் பலகையின் செப்புக் கோட்டைத் தின்னும், ஆகவே பழையதை எடுத்த இடத்தை அல்ககோலால் கழுவிக் காயவிட்ட பிறகே புதியதை வையுங்கள்.

கேள்வி: 1991 யூனோஸ் றோட்ஸ்டர். வாங்கும்போதே ஒறிஜினல் செற் இல்லை; யாரோ பூட்டிய மலிவுச் செற் ஒன்று செத்துக் கிடக்கிறது. நல்ல செற் ஒன்றை நானே பூட்ட விரும்புகிறேன். மல்ரிமீற்றர் பாவிக்கத் தெரியும்.
– வவுனியா வாசகர்

பதில்: இங்கே மாற்றுவதுதான் சரி, காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. கூரை திறக்கும் காருக்கு சி.டி. இல்லாத, யு.எஸ்.பி.யும் புளூடூத்தும் மட்டும் உள்ள ஒற்றை அளவுச் (சிங்கிள் டின்) செற் எடுங்கள். புழுதி போக வாய் இல்லாதது நல்லது. முகப்பைக் கழற்றக்கூடியது இன்னும் நல்லது. பெட்டியில் "50 வோற் × 4" என்று போட்டிருக்கும். அது உச்சக் கணக்கு, தொடர்ந்து கிடைப்பது ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 வோற்தான். அதற்கேற்ற ஸ்பீக்கரை வாங்குங்கள்.

முதலில் பற்றறியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இந்தக் காரில் நடுப்பலகை கழன்றால்தான் செற் வரும். மேலே இருக்கும் இரண்டு வட்டக் காற்றுக் குழிகளையும் துணி சுற்றிய தட்டையான கருவியால் இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி எடுங்கள். அவற்றுக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்குறூ. கீழ்ப்பக்க ஸ்குறூக்கள் கியர் பக்கத்துக் கொன்சோலுக்குப் பின்னால் மறைந்திருக்கும், ஆகவே கொன்சோலும் தளர வேண்டும். பலகையை இழுக்கும்போது பின்னால் சுவிட்சுகளின் பிளக் இருக்கிறது. அதை விடுவிக்காமல் இழுத்தால் வயர் அறும். முப்பது வருட வெயில் குடித்த பிளாஸ்ரிக் இது, ஓர் இடத்தில் பலம் கொடுத்தால் சத்தமில்லாமல் வெடிக்கும். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் அலைந்தாலும் இந்தப் பலகை கிடைப்பது அரிது.

முன்பு பூட்டியவர் வயரை வெட்டியிருப்பார். நிறத்தை நம்பாதீர்கள், மீற்றரை நம்புங்கள். பற்றறியைத் திரும்ப இணைத்து, சாவி இல்லாமலும் 12 வோல்ற் காட்டுவது நிலையான வயர். புதுச் செற்றின் மஞ்சள் அங்கே போகும். சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. பொடியோடு தொடர்பு காட்டுவது கறுப்புக்கு, ஆனால் நாங்கள் கறுப்பைப் புதிதாகவே ஒரு வெற்று இரும்பில், பெயின்ற் சுரண்டி, அரை மீற்றருக்கு உட்பட்ட நீளத்தில் பூட்டச் சொல்வோம். கார் ஓடும்போது எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் அந்த "ஊ..." சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் நல்ல ஏர்த் (பொடித் தொடர்பு) இல்லாததுதான்.

ஸ்பீக்கர் வயர் எது எந்தப் பக்கம் என்பதற்கு ஒன்றரை வோல்ற் ரோச் பற்றறி போதும். ஒரு சோடி வயரைப் பற்றறியின் இரு முனையிலும் கணநேரம் தொடுங்கள். "டக்" என்று எந்தக் கதவில் கேட்கிறதோ அது அந்தக் கதவுச் சோடி. ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால் பற்றறியின் பொசிற்றிவில் நிற்பதுதான் பொசிற்றிவ். ஒரு கதவில் மாறிப் பூட்டினால் பாட்டு வரும், ஆனால் அடித்தொனி இல்லாமல் சப்பென்று இருக்கும். புதுச் செற்களின் நிறம் பொதுவானது. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ்.

ஒன்றை மட்டும் மறக்கவே வேண்டாம். பழைய கார்கள் சிலவற்றில் ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் எல்லாம் ஒன்றாகவோ பொடியிலோ சேர்ந்திருக்கும். இன்றைய செற்றில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் மின் அழுத்தம் உண்டு, ஒன்றையும் பொடியில் தொடக்கூடாது. தொட்டால் ஒலி ஐ.சி. எரியும். மீற்றரில் ஸ்பீக்கர் வயருக்கும் பொடிக்கும் தொடர்பு காட்டினால் புது வயர் இழுங்கள். உங்கள் காரில் இருக்கையின் தலையணையில் ஸ்பீக்கர் இருந்தால் அதைப் பின் சனலுக்குக் கொடுத்து, செற்றின் அமைப்பில் 120 ஹேட்ஸ்சுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அந்தச் சின்னக் கூம்பு அடித்தொனியைத் தாங்காது.

வயரை முறுக்கி கறுப்பு ரேப் சுற்றுவது இங்கே வழமை. வன்னி வெயிலில் ஒரு வருடத்தில் ரேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். ஈயம் பிடித்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். ஏரியல் பிளக் செற்றுக்குப் பொருந்தாவிட்டால் வெட்டாதீர்கள், ஜப்பானிய முனையிலிருந்து சாதாரண முனைக்கு மாற்றும் சிறு துண்டு விற்பனைக்கு இருக்கிறது. மோட்டார் ஏரியல் என்றால் செற்றின் முழு நீல வயரைக் கொடுங்கள், வெள்ளைக் கோடு போட்ட நீலத்தை அல்ல. கோடு போட்டது அம்ப்ளிபயருக்கு, புளூடூத் பாடும்போதும் ஏரியலைத் தூக்கி வைத்திருக்கும்.

கேள்வி: புதுச் செற் பூட்டிய பிறகு ஒரு கிழமை காரை எடுக்காவிட்டால் ஸ்ராட் வராது.
– மாங்குளம் வாசகர்

பதில்: கணக்கைப் பாருங்கள். 200 மில்லி அம்பியர் சும்மா ஒழுகினால் நாளொன்றுக்கு 4.8 அம்பியர் மணி. 45 அம்பியர் மணி பற்றறியில் ஐந்து நாளுக்குள் பாதி போய்விடும். செற் நினைவுக்கு எடுப்பது சில மில்லி அம்பியர்தான், முழுக் காரும் 50ஐத் தாண்டக்கூடாது. சிவப்பு வயரையும் மஞ்சளோடு சேர்த்து நிலையான மின்னில் முடிந்திருப்பார்கள். செற் அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும். மீற்றரை 10 அம்பியர் நிலையில் வைத்து, நெகட்டிவ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவில் தொடராக இணைத்து, கதவை மூடி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுங்கள். எதை இழுத்ததும் எண் விழுகிறதோ அங்கே இருக்கிறது வியாதி. மீற்றர் இணைந்திருக்கும்போது ஸ்ராட் அடிக்காதீர்கள், அதன் பியூஸ் போய்விடும்.

கேள்வி: தாத்தாவின் 1965 எம்.ஜி.பி. காரைத் திரும்ப ஓட வைத்திருக்கிறோம். டாஷ்போட்டில் பழைய றேடியோ இருக்கிறது, பாடாது. அதை எடுத்துவிட்டுப் புதுச் செற் பூட்டலாமா?
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: கையை வைக்க முன் பற்றறியைப் பாருங்கள். இந்தக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால், தட்டுக்குக் கீழே 6 வோல்ற் பற்றறிகள் இரண்டு தொடராக இருக்கும். அவற்றின் பொசிற்றிவ் முனை பொடிக்குப் போகிறதா? 1967 வரையான எம்.ஜி.பி.களில் அப்படித்தான். இன்றைய செற்றின் இரும்புக் கூடும் ஏரியல் பிளக்கின் வெளிப்பக்கமும் நெகட்டிவ். அதை இந்தக் காரில் திருகிய கணமே நேரடி ஷோட். பியூஸ் போனால் அதிர்ஷ்டம், போகாவிட்டால் வயர் எரியும். 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தைக் கடந்து வந்த வாகனம் என்றால் கிடைத்த வயரைக் கொண்டு ஒட்டியிருப்பார்கள், நிறத்துக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தம் இருக்காது. ஒவ்வொரு வயரையும் மீற்றரால் பாருங்கள்.

காரை நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றுவது ஒரு வழி. பற்றறி வயர்களை மாற்றும்போது முனைக் கவ்விகளும் மாற வேண்டும், பொசிற்றிவ் முனை தடித்தது. இக்னிஷன் கொயிலின் இரு சின்ன வயர்களையும் இடம் மாற்றுங்கள். எஞ்சினை இயக்க முன் டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். அதன் எப் (F) என்று குறித்த வயரைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கழற்றி, பற்றறியின் மின் முனையில் (பொடிக்குப் போகாத முனையில்) ஓரிரு வினாடி தொட்டு எடுங்கள், சின்னப் பொறி பறக்கும், அது போதும். எஞ்சின் சுற்றைக் காட்டும் மீற்றரையும் உள்ளே திருத்தாவிட்டால் வேலை செய்யாது. அது மணிக்கூடு திருத்துபவரின் கை வேண்டிய வேலை.

ஆனால் நாங்கள் சொல்வது வேறு. றேடியோ இருக்கும் இடத்தில் இருக்கட்டும். அந்தத் துவாரத்தை ஒற்றை அளவுச் செற்றுக்கென்று வெட்டிப் பெரிதாக்கினால் திரும்பப் பழையபடி ஆகாது. சின்ன புளூடூத் அம்ப்ளிபயர் ஒன்றை மரப்பலகையில் பூட்டி, பலகையை இருக்கைக்குப் பின்னால் வையுங்கள். அதன் கறுப்பு வயர் பற்றறியின் நெகட்டிவ் மின் பக்கத்துக்கு, 5 அம்பியர் பியூஸோடு. சிவப்பு வயர் பொடிக்கு. கூடு எங்கேயும் பொடி இரும்பில் முட்டக்கூடாது, ஸ்பீக்கர் வயரும் முட்டக்கூடாது, ஏரியல் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் யு.எஸ்.பி. வாயில் கைபேசியைச் சார்ஜ் போடாதீர்கள்; வயரின் இரும்பு வாய் பொடியில் பட்டால் அதுவும் ஷோட்தான். கதவை வெட்டாமல் பெட்டி ஸ்பீக்கர் இரண்டைப் பின்னால் வைத்தால் போதும். முல்லைத்தீவுக் கடற்காற்றுக்கு இணைப்புகளில் கொஞ்சம் வாசலின் பூசிவிடுங்கள்.

கேள்வி: கழற்றிய ஒறிஜினல் செற்றை எப்படி வைப்பது?
– ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: உள்ளே கசெற் இருந்தால் எடுத்துவிடுங்கள், உருளை அழுத்தியபடி கிடந்தால் ஒரு பக்கம் பள்ளம் விழும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு மூடியுள்ள தகரப் பேணியில் வையுங்கள். மாரி நாளில் பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும், திறந்து வைத்தால் எறும்பு குடியேறும். ஆறு மாதத்துக்கொரு முறை 12 வோல்ற் கொடுத்து அரை மணி நேரம் பாடவிடுங்கள், கப்பாசிற்றர்களுக்கு அது நல்லது. பக்கத் தகடுகளையும் ஸ்குறூக்களையும் சின்னப் பையில் போட்டு அதே பேணிக்குள் வையுங்கள். அந்த ஸ்குறூ 5 மி.மீ. தடிப்பு, 8 மி.மீ. நீளம். தொலைந்துவிட்டால் கையில் கிடைத்த நீளமானதைப் போடாதீர்கள், அது கூட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் பலகையில் குத்தும்.